இடிபாட்டுக்கும் கணக்கு உண்டு

கட்டுவதற்கு முன்னால் நாம் நிய்யத்து வைக்கிறோம். ஊர்ப் பெரியவர்களை அழைக்கிறோம். ஆலிம் ஒருவரைக் கொண்டு துஆ ஓதுகிறோம். முதற் கல்லை பிஸ்மி சொல்லி வைக்கிறோம். வீடானாலும் பள்ளிவாசலானாலும் இதுவே நம் வழக்கம். ஆனால் அந்தக் கல்லை வைப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு அதே இடத்தில் நின்றிருந்த பழைய சுவரை இடித்தோமே, அப்போது நம்மில் யார் நிய்யத்து வைத்தது? அந்தச் சுவரின் கல்லும் மண்ணும் எங்கே போயின என்று யார் கேட்டது?

கட்டுவது நற்செயல் என்பதில் நம்மில் எவருக்கும் ஐயமில்லை. இடிப்பது எந்தக் கணக்கில் சேரும் என்பதை மட்டும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அது கட்டுவதற்கு முன் நடக்கும் ஒரு சில்லறை வேலை, ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டுவிடலாமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி.

முதலில் அளவைத் தெரிந்துகொள்வோம். 100 அடி நீளமும் 10 அடி உயரமும் 9 அங்குலக் கனமும் உள்ள ஒரு செங்கற்சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். அது 750 கன அடி. ஒரு கன அடிச் செங்கற்கட்டு ஏறத்தாழ 54 கிலோ எடையுள்ளது. ஆக, அந்த ஒரு சுவரே 40 டன்! 10 டன் ஏற்றும் லாரியில் நான்கு நடை. தளம், தூண், அஸ்திவாரம், தரைக்கல் எல்லாம் இதில் சேரவில்லை. ஒரு சிறிய வீட்டை இடித்தாலே எத்தனை நடை போகும் என்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அத்தனையும் ஓர் இடத்தில்தான் போய்க் கொட்டப்படுகிறது. அந்த இடம் எது?

லாரி தெரு முனையைத் தாண்டிய பிறகு

நம் ஊர்களில் அது பெரும்பாலும் கண்மாய்க் கரையாகவோ, வாய்க்கால் ஓரமாகவோ, ஊருக்கு வெளியே உள்ள புறம்போக்குப் பள்ளமாகவோ இருக்கிறது. இரவில் கொண்டுபோய்ச் சாய்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். "கூலி கொடுத்துவிட்டோம், அதற்குமேல் நமக்கென்ன?" என்று உடையவர் நினைக்கிறார். "கொட்டச் சொன்னார்கள், கொட்டினேன்" என்று ஓட்டுநர் சொல்கிறார். இருவருக்கும் நடுவில் பொறுப்பு என்பது அனாதையாக நிற்கிறது.

மார்க்கம் இப்படிப் பொறுப்பை அனாதையாக விடுவதில்லை. ஷாபிஈ மத்ஹபின் புகழ்பெற்ற சட்ட நூலான 'மின்ஹாஜ்' நம் கடற்கரை ஊர்களின் மதரஸாக்களுக்கு அந்நியமானதன்று. அதை எழுதிய இமாம் நவவி (ரஹ்) கி.பி. 1277-ல் மறைந்தவர்கள். நஷ்டஈட்டைப் பற்றிய பகுதியில் அவர்கள் ஒரு சிறு விஷயத்தையும் விடாமல் குறித்திருக்கிறார்கள். குப்பையையோ தர்பூசணித் தோலையோ பாதையில் எறிந்து, அதனால் ஒருவர் சேதமுற்றால், எறிந்தவரே ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பதே சரியான சொல் என்பது அவர்கள் தீர்ப்பு.

எண்ணிப் பாருங்கள். ஒரு பழத்தோலுக்கே கேள்வி உண்டென்றால், 40 டன் கல்லுக்கும் காரைக்கும் கேள்வி இல்லாமற் போகுமா? பழத்தோலில் வழுக்குபவர் ஒருவர். வாய்க்கால் அடைபட்டால் ஒரு தெருவே வெள்ளத்தில் நிற்கிறது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியிருப்பதை நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். அகற்றுவது ஈமானின் கிளையென்றால், கொண்டுபோய்ப் போடுவது எதன் கிளை?

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாகப் பிடித்துக்கொண்டவர் கழுத்தில், மறுமையில் ஏழு பூமியளவு அது மாலையாக மாட்டப்படும் என்று நபிமொழி எச்சரிக்கிறது. நிலத்தைப் பிடிப்பது என்றால் வேலி போடுவது மட்டும்தானா? ஊருக்குப் பொதுவான நீர்ப்பிடிப்பு நிலத்தில் நம் வீட்டு இடிபாட்டைக் கொட்டிவிட்டால், அந்த இடத்தில் இனித் தண்ணீர் நிற்காது, புல் முளைக்காது, ஆடு மேயாது. பட்டா நம் பெயரில் இல்லை என்பதுதான் வித்தியாசம். நிலத்தின் பயனை ஊரிடமிருந்து நாம் பறித்துவிட்டோம் என்பதில் என்ன ஐயம்?

சென்னையின் தென்பகுதியில் மழைநீரை வாங்கி வைத்துக்கொள்ளும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை எடுத்துக்கொள்வோம். 2022-ல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால் அதற்குள் கட்டடங்களும் சாலைகளும் நகரத்துக் குப்பையும் இடிபாடும் சேர்ந்து அதன் பெரும்பகுதியை விழுங்கிவிட்டிருந்தன. ஒவ்வொரு லாரியும் தான் கொட்டியது சிறிதளவே என்று நினைத்திருக்கும். சிறிதுகள் சேர்ந்து ஒரு சதுப்பு நிலம் சுருங்கியது.

சுண்ணாம்பு சொல்லும் பாடம்

இடிபாடு உண்மையில் கழிவுதானா என்ற கேள்வியும் இங்கே எழுகிறது.

நம் பாட்டனார் காலத்து வீடுகளைக் கட்டியவர்கள் சுண்ணாம்புச் சாந்தைப் பயன்படுத்தினார்கள். சுண்ணாம்பு செங்கல்லைவிட மென்மையானது. ஆகவே அந்தச் சுவரைப் பிரிக்கும்போது சாந்து உதிர்ந்துவிடும். கல் முழுசாகக் கையில் வரும். சித்தாள் பெண்கள் உட்கார்ந்து சுத்தியால் தட்டித் துடைத்து அடுக்கினால் அடுத்த சுவருக்கு அதே கல் ஆகும். உடைந்து போன கல்லையும் அவர்கள் எறிந்துவிடவில்லை. அதை ஜல்லியாக உடைத்து, சுண்ணாம்போடு கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டு மொட்டைமாடித் தளத்தில் போட்டுத் தட்டினார்கள். பர்மா தேக்கு உத்திரமும் நிலையும் கதவும் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் போயின. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் இன்றும் அவற்றைக் காணலாம்.

சிமெண்ட் வந்த பிறகு நிலைமை மாறியது. சிமெண்ட் சாந்து கல்லைவிட வலுவாகப் பிடித்துக்கொள்கிறது. பிரிக்கப் போனால் சாந்து உடைவதற்குப் பதிலாகக் கல் உடைகிறது. விரைவாகவும் வலுவாகவும் கட்டக் கற்றுக்கொண்டோம். திரும்பப் பிரிக்க முடியாதபடி கட்டிவிட்டோம். ஆகவே இரும்புக் கம்பியைத் தவிர மற்றதெல்லாம் "குப்பை" என்ற பெயர் பெற்றுவிட்டது. இரும்பை மட்டும் எவரும் கண்மாயில் கொட்டுவதில்லை என்பதைக் கவனியுங்கள். அதற்கு விலை இருக்கிறது. கழிவு என்பது பொருளின் குணமன்று. நாம் அதற்குக் கொடுக்கும் மதிப்பே அதைக் கழிவாக்குகிறது.

சிமெண்டுக்கு ஒரு மறைமுக விலையும் உண்டு. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது அக்கல்லிலிருந்தே கரியமில வாயு வெளிப்படுகிறது. எரிபொருளின் புகை அதனுடன் சேர்கிறது. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7, 8 சதவீதம் சிமெண்ட் தொழிலிலிருந்தே வருகிறது. ஆற்று மணலும் மலைக் கல்லும் வேறு. உறுதியாக நிற்கும் ஒரு கட்டடத்தை இடிக்கிறவர், இத்தனையும் கொடுத்து வாங்கிய ஒன்றைத் தூக்கி எறிகிறார். பிறகு இத்தனையையும் மீண்டும் கேட்கிறார். நூற்ற நூலை உறுதியான பின் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்ட பெண்ணைப் போல ஆகிவிடாதீர்கள் என்று திருமறை உடன்படிக்கையைக் குறித்து எச்சரிக்கிறது. அந்த உவமை நம் கடப்பாரைக்கும் பொருந்தாதா?

பேரீச்ச மரமும் உடைந்த கப்பலும்

பழைய பொருளைக் கொண்டு கட்டுவது ஏழைமையின் அடையாளம், கௌரவக் குறைவு என்று கருதுவோர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் இரண்டு கட்டடங்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது மஸ்ஜிதுந் நபவி. அது எழுந்த நிலத்தில் பாழடைந்த இடிபாடுகளும் பேரீச்ச மரங்களும் இருந்தன. இடிபாடுகள் சமன் செய்யப்பட்டன, மரங்கள் வெட்டப்பட்டன. வெட்டிய மரங்களை அப்புறப்படுத்திவிட்டார்களா? இல்லை. அவற்றையே பள்ளியின் கிப்லாப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தினார்கள் என்று ஹதீஸ் தெரிவிக்கிறது. எந்தத் திசையை நோக்கி நாயகம் (ஸல்) அவர்களும் தோழர்களும் தொழுதார்களோ, அந்தத் திசையில் நின்றது அதே மனையிலிருந்து வெட்டி எடுத்த மரம்!

இரண்டாவது கஅபா. நபித்துவத்துக்கு முன் குறைஷிகள் அதைப் புதுப்பித்தபோது, ஜித்தாக் கரையில் உடைந்து ஒதுங்கிய ரோமானிய வணிகர் ஒருவரின் கப்பலிலிருந்து எடுத்த மரத்தைக் கூரைக்குப் பயன்படுத்தினார்கள் என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. அப்பணிக்கு நேர்மையாக ஈட்டிய பொருள் மட்டுமே வரவேண்டும் என்று அவர்கள் உறுதி செய்துகொண்டார்கள். பொருள் போதவில்லை. ஆகவே ஒரு பகுதியை வெளியே விட்டுவிட்டுச் சிறிதாகக் கட்டினார்கள். அல்லாஹ்வின் ஆலயத்தின் கூரைக்கு உடைந்த கப்பலின் மரம் குறைவாகப் படவில்லை. தகாத பணம்தான் குறைவாகப் பட்டது. இன்று நம் நிலை தலைகீழாக இருக்கிறதா இல்லையா என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

வக்பின் உடைமை

வீட்டுக்காரர் தம் பொருளைப் பற்றித் தாமே பதில் சொல்லிக்கொள்வார். பள்ளிவாசலின் விஷயம் அப்படியன்று. அங்கே ஒவ்வொரு கல்லும் யாரோ ஒருவர் அல்லாஹ்வுக்காக விட்டுச்சென்ற அமானிதம். பள்ளியைப் புதிதாகக் கட்டுகிறோம் என்று நல்லெண்ணத்தோடு புறப்படும் ஜமாஅத்தார், பழைய கட்டடத்தை அப்படியே ஓர் இடிப்புக்காரரிடம் ஒப்படைத்துவிடுவது உண்டு. தேக்கு உத்திரமும் கருங்கல் தூணும் ஹவ்ளின் கல்லும் என்ன விலைக்குப் போயின என்பது எந்தப் பேரேட்டிலும் இருக்காது.

இதைப் பற்றிச் சட்ட அறிஞர்கள் பேசாமல் விடவில்லை. கி.பி. 1197-ல் மறைந்த இமாம் மர்கீனானி (ரஹ்) எழுதிய ஹனபி நூலான 'ஹிதாயா' ஓர் ஒழுங்கை வகுக்கிறது. வக்புக் கட்டடத்திலிருந்து இடிந்து விழுந்த பொருள், தேவையிருந்தால் அதே வக்பின் பழுதுபார்ப்புக்கே செலவாக வேண்டும். உடனடித் தேவை இல்லையெனில் தேவை வரும்வரை பத்திரப்படுத்தப்பட வேண்டும். மீண்டும் அங்கே பொருத்தவே முடியாது என்றால் விற்று, அந்தக் கிரயத்தைப் பழுதுபார்க்கும் பணியில் போட வேண்டும். வக்பின் பயனுக்கு உரியவர்கள்கூட அதைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது. 'மின்ஹாஜ்' நூலோ, பள்ளியின் பாய் நைந்து போனாலும், மரம் முறிந்து எரிப்பதற்குத் தவிர வேறெதற்கும் உதவாமற் போனாலும் விற்கலாம் என்பதே மிகச் சரியான கருத்து என்கிறது.

இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள். முதல் கேள்வி "எவ்வளவுக்குப் போகும்?" என்பதன்று, "இன்னும் எதற்கு உதவும்?" என்பதே. உதவுமா என்று தேடிப் பார்த்த பிறகுதான் விற்பனை என்ற பேச்சு வருகிறது. கண்மாயில் கொட்டுவது என்ற பேச்சு எந்த இடத்திலும் வரவில்லை!

பள்ளிவாசல் பொருளை வேறிடத்தில் வைப்பது அதன் கண்ணியத்துக்குக் குறைவு என்று தயங்குவோரும் உண்டு. அந்தத் தயக்கத்தில் நல்ல மனம் இருக்கிறது. ஆனால் அந்தக் கண்ணியத்தைக் காப்பது எது? மிஹ்ராபின் மேலிருந்த கல்லை மதரஸாவின் படிக்கட்டில் பதிப்பதா, சாக்கடை ஓரத்தில் கிடக்க விடுவதா? எந்தப் பொருளை எங்கே வைக்கலாம் என்பதை உள்ளூர் ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளலாம். கேட்காமல் கொட்டிவிட்டு, கண்ணியத்தின் பெயரைச் சொல்வது பொருந்தாது.

ஜாக்கிரதையும் வேண்டும்

பழையது எல்லாவற்றையும் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. செல்லரித்த உத்திரத்தையும் துருவேறி மெலிந்த கம்பியையும் புதுத் தளத்தில் வைத்தால், சிக்கனத்தின் பெயரால் உயிரோடு விளையாடியதாகும். ஆஸ்பெஸ்டாஸ் ஓடுகளை உடைத்தால் அதன் நுண்ணிய நார் நெஞ்சுக்குள் போய் நோய் தரும். அதை உடைக்காமல் தனியே கழற்றி, முறையாக அப்புறப்படுத்த வேண்டும். எதுவும் பொறியாளரின் கண்ணுக்குத் தப்பக் கூடாது.

பொறியாளர்களுக்கும் இதில் வரையறை இருக்கிறது. இடித்த கான்கிரீட்டை அரைத்துப் பெறும் பெருஜல்லியை, மெல்லிய அடித்தளக் கான்கிரீட்டில் முழுவதுமாகவும், கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையும், எம் 25 தரத்துக்கு மேற்படாத கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையும் சேர்க்கலாம் என்று 2016-ல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 383 இந்தியத் தரக்கட்டளை அனுமதிக்கிறது. தில்லியின் புராரியில் 2009-லேயே இடிபாட்டைப் பதப்படுத்தும் ஆலை தொடங்கியது. சென்னை மாநகராட்சியும் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இத்தகைய ஆலைகளை அமைத்திருக்கிறது.

அரசின் விதிகளும் தெளிவாகவே இருக்கின்றன. ஒரு நாளில் 20 டன்னுக்கு மேல், அல்லது ஒரு பணியில் மாதம் 300 டன்னுக்கு மேல் இடிபாடு உண்டாக்குவோர், கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-சாந்து என்று நான்காகப் பிரித்து வைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் கூறின. 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாகக் குறித்து, 2025-ல் மத்திய அரசு புதிய விதிகளை வெளியிட்டது. பெருங்கட்டடங்களை எழுப்புவோர் மேல் மறுசுழற்சிப் பொறுப்பை அவை சுமத்துகின்றன. ஆனால் நம் வீடுகளும் சிற்றூர்ப் பள்ளிவாசல்களும் பெரும்பாலும் இந்த அளவுகளுக்குள் வரமாட்டா. அதிகாரி வரமாட்டார் என்ற இடத்தில்தான் ஒருவருடைய மார்க்கம் தெரியவரும்.

இடிக்காமல் விட்ட முன்மாதிரி

இதுவரை சொன்னதெல்லாம் இடித்த பின் செய்ய வேண்டியவை. அதற்கும் முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது: இடிக்கத்தான் வேண்டுமா?

குறைஷிகள் சுருக்கிக் கட்டிய கஅபாவை இடித்து, இப்ராஹீம் (அலை) அவர்களின் அஸ்திவாரத்தின்மேல் முழுமையாக எழுப்ப நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பினார்கள். அதற்கு நியாயம் இருந்தது. மக்காவை வென்ற பின் அதிகாரமும் இருந்தது. ஆயினும் மக்கள் அறியாமையிலிருந்து அண்மையில்தான் வெளிவந்தவர்கள், அவர்கள் உள்ளம் கலங்கும் என்பதற்காக விட்டுவிட்டார்கள் என்பதை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக நாம் அறிகிறோம். பின்னர் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் அவ்விருப்பப்படி கட்டினார்கள். ஹஜ்ஜாஜ் அதை மறுபடி மாற்றினான். அப்பாஸியக் கலீபா ஒருவர் மீண்டும் இடித்துக் கட்ட நாடியபோது இமாம் மாலிக் (ரஹ்) தடுத்தார்கள். வருகிற அரசரெல்லாம் இடித்துக் கட்டும் விளையாட்டுப் பொருளாக அது ஆகிவிடும், மக்கள் நெஞ்சில் அதன் மதிப்புப் போய்விடும் என்று அவர்கள் அஞ்சினார்கள்.

நியாயமான காரணம் இருந்தும் இடிக்காமல் விட்ட முன்மாதிரி இது. நம் காரணங்களை இதன் அருகில் வைத்துப் பார்ப்போம். ஜும்ஆவில் இடமில்லை, கூரை ஒழுகிச் சுவர் விரிந்துவிட்டது என்பவை தேவைகள். அவற்றுக்காக இடிப்பவரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியின் மினாரா உயரமாகிவிட்டது என்பது தேவையன்று. பள்ளிவாசல்களைக் கொண்டு மக்கள் ஒருவருக்கொருவர் பெருமையடித்துக்கொள்வதை மறுமையின் அடையாளமாக நபிமொழி கூறுகிறது. திருவல்லிக்கேணியில் 1795-ல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலில் இன்றும் தொழுகை நடக்கிறது. பழையதை வைத்துக்கொண்டே பக்கத்தில் விரிவுபடுத்தவும், மேலே ஒரு தளம் எழுப்பவும், பழுது பார்க்கவும் வழியிருக்கிறதா என்று கேட்ட பின்னரே கடப்பாரையை எடுக்க வேண்டும்.

"இடிபாட்டைத்தான் ஆலை அரைத்துக்கொள்கிறதே, பிறகென்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். சத்தியத்தை முறித்தவருக்குக் கஃப்பாரா இருக்கிறது. அதற்காக நாள்தோறும் சத்தியம் செய்து முறிக்கலாமா? பரிகாரம் என்பது தவிர்க்க முடியாமற் போனதற்கு. ஆலை அரைப்பதற்கும் மின்சாரமும் டீசலும் வேண்டும். அரைத்த ஜல்லி பழைய தூணாக ஒருபோதும் ஆகாது.

ஜமாஅத்தாருக்கும் வீடு கட்டுவோருக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுதான். இடிக்கும் முன் பொருள்களைப் பட்டியலிட்டு, வக்பானால் பேரேட்டில் ஏற்றுங்கள். எந்திரத்தை விடுமுன் கதவு, நிலை, உத்திரம், ஓடு, தரைக்கல் ஆகியவற்றைக் கையால் கழற்றுங்கள். உடைந்ததைப் புதிய மனையின் தரை நிரப்பவும் பாதை போடவும் முதலில் பயன்படுத்துங்கள். மீதம் எங்கே போகிறது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி, லாரியோடு ஒருவரை அனுப்புங்கள். இதனால் பத்து நாள் தாமதமாகும்; கூலியும் சற்றுக் கூடும். அந்தக் கூலி வீணன்று. அது நாம் ஊருக்குச் செலுத்த வேண்டிய ஹக்கு.

புதிதாகக் கட்டும்போது இன்னொன்றையும் நினைவில் வைப்போம். இன்று நாம் கட்டுவதை ஒரு நாள் நம் பேரர்கள் பிரிப்பார்கள். அவர்கள் கைக்கு முழுக் கல் கிடைக்குமா, 40 டன் குப்பை கிடைக்குமா என்பது இன்று நாம் கலக்கும் சாந்திலேயே தீர்மானமாகிறது.

கட்டும்போதும் இடிக்கும்போதும் நாம் அமானிதம் பேணுவோராக வாழ வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! ஆமீன்.